விடத் தெரிஞ்ச மெஷின்

இந்த வருஷ ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்ட்டைப் பார்த்தீங்களா? நம்ம டிபார்ட்மென்ட்ல மட்டும் மூணு டீம் க்ரூஸ் கன்ட்ரோல் எடுத்திருக்காங்க. ஆர்டுயினோ, அல்ட்ராசோனிக் சென்சார், நாலு பிளாஸ்டிக் சக்கரம், நெட்ல எடுத்த கோடு. ரிவ்யூல வண்டி ஓடி நின்னா கைதட்டல். குறை சொல்ல வரல (கொஞ்சம் சொல்லத்தான் வர்றேன்). அந்த டீம்கள் முதல்ல படிக்க வேண்டியது 1970, 80-களில் அமெரிக்காவில் பழைய கார்களுக்குத் தனியா வாங்கி மாட்டின க்ரூஸ் கன்ட்ரோல் கிட்டைத்தான்.

இதுக்கு 1950-ல் காப்புரிமை வாங்கின ரால்ஃப் டீட்டர், 5 வயசிலேயே பார்வை இழந்த இன்ஜினியர். 1958-ல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் இதைக் கொண்டுவந்தது. கம்பெனியிலேயே பொருத்தி வராத கார்களுக்குத்தான் கிட்.

உள்ளே கம்ப்யூட்டர்னு பெருசா எதுவும் கிடையாது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல ஒரு காந்தம், பக்கத்துல ஒரு காயில்: வேகம் தெரிஞ்சிடும். இன்ஜினோட வேக்குவம் ஒரு டயாஃப்ரத்தை இழுக்கும், அது ஒரு மணிச்சங்கிலியால் கார்பரேட்டர் த்ராட்டிலை இழுக்கும். மேட்டுல ஏறும்போது த்ராட்டில் அகலமாத் திறக்கும், வேக்குவம் குறையும். பலம் தேவைப்படுற நேரத்துல பலம் போயிடும்! அதனால சில கிட்ல செக் வால்வோட ஒரு வேக்குவம் டேங்க்கும் உண்டு.

பிடிக்கிறது இவ்வளவுதான். விடுறதுக்குத்தான் மூளையைச் செலவழிச்சிருக்காங்க. பிரேக்கை மிதிச்சா ஒரு ஸ்விட்ச் கரன்ட்டை வெட்டும். ஸ்விட்ச் கெட்டுப்போனா? பெடல்லயே தனியா ஒரு வால்வு திறந்து டயாஃப்ரத்துக்குள்ள காத்தை விடும், ஸ்பிரிங் த்ராட்டிலை மூடிடும். இதுக்குக் கரன்ட்டே வேண்டாம். பல கிட்கள் பிரேக் லைட் பல்போட இழை வழியாத்தான் கிரவுண்டைத் தேடும். பல்ப் எல்லாம் போயிருந்தா க்ரூஸ் ஆன் ஆகாது. பழைய கார்ல எல்.இ.டி. பல்ப் மாட்டினவங்க, கிட் கெட்டுப்போச்சுன்னு தலையைப் பிச்சுக்கறது இதனாலதான். மேனுவல் கியர் வண்டின்னா கிளட்ச்சிலும் ஒரு ஸ்விட்ச் வேணும். இல்லன்னா கிளட்ச் மிதிச்ச உடனே இன்ஜின் அலறும்.

நான் இருக்கிறது நெட்டுக்குப்பம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவுல க்ரூஸ் கன்ட்ரோலுக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. வேலை இல்லதான். ஆனா அதே த்ராட்டில்ல கை வைக்கிற இன்னொரு கருவி அந்த லாரிகள்ல இருக்கு: ஸ்பீடு கவர்னர். 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் பெரும்பாலான சரக்கு வண்டிகளுக்கு 80 கி.மீ., டேங்கர், டம்பர், பள்ளி வாகனங்களுக்கு 60 கி.மீ.னு மத்திய விதி. இங்க கேள்வி தலைகீழ். க்ரூஸ் கெட்டா த்ராட்டிலை விடணும், கவர்னர் கெட்டா விடவே கூடாது. வயரை ஒருத்தர் கழட்டிட்டா அந்தப் பெட்டி என்ன செய்யும்? அந்த லாரிக்குப் பக்கத்துலதான் மீன் கூடையோட எங்க ஊர் அக்காக்கள் ஷேர் ஆட்டோவுல போறாங்க. அந்தப் பெட்டியை நாளைக்கு டிசைன் பண்ணப் போறது நம்ம பேட்ச்ல யாராவதுதான்.

அதனால ரிவ்யூ பேனலுக்கு ஒரு வேண்டுகோள். டெமோ வண்டி ஓடும்போதே சென்சாரோட ட்ரிகர் வயரைப் பிடுங்குங்க. எல்லாரும் காப்பி அடிக்கிற கோடுல இருக்கிற 'பல்ஸ்இன்', டைம்அவுட் கொடுக்கலன்னா எக்கோவுக்காக 1 நொடி காத்திருக்கும். அது வரைக்கும் மோட்டார் பழைய வேகத்துலயே ஓடும். நிஜ வண்டியில 60 கி.மீ. வேகத்துல அது 16 மீட்டருக்கு மேல. அப்புறம் வர்ற பதில் பூஜ்யம். அதை "எதிரே சுவர்"னு எடுத்துக்கறதா, "ரோடு காலி"ன்னு எடுத்துக்கறதான்னு அந்த டீமைக் கேளுங்க. எங்க டேபிள்ல இருந்தே ஆரம்பிங்க, நாங்க டைம்அவுட்டை 30,000 மைக்ரோசெகண்ட்னு போட்டு வச்சிருக்கோம்.