தோற்றவர் தந்த ஆட்டம்



தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நம் பெருமாநல்லூர்ப் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை என் அறை வாயிலில் வந்து நின்றார். பனியன் கம்பெனியில் இருபது ஆண்டுகளாகப் பவர்டேபிள் டெய்லராக உழைப்பவர், அதிகம் பேசாதவர்.

"சாமி, பையனுக்கு நீங்கதானுங்க ஒரு வார்த்தை சொல்லோணும்" என்றார்.

மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கூடைப்பந்து அணியில் இருக்கிறான். அவ்வாண்டு அந்த அணி ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஏழில் தோற்றிருந்தது. காலணிக்கு ஒரு செலவு, ஊர் ஊராய்ப் போய்வர ஒரு செலவு. "செயிச்சாலும் பரவாயில்லீங்க சாமி. தோத்துப்போட்டு வர்றதுக்கு எதுக்குங்க இத்தனை செலவு? சாயந்திரம் அரை ஷிப்ட்டு கைமடிக்கு வந்தான்னா வீட்டுக்காவது ஆகும்ங்க."

அவர் சொன்னதில் பிழை காண என்னால் இயலவில்லை. வீட்டு வாடகையும் தங்கையின் பள்ளிக் கட்டணமும் எனக்குத் தெரியும். "விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும்" என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற நிறுவனங்கள் கூடைப்பந்து வீரர்களைப் பணியில் அமர்த்தியதுண்டு. ஆனால் ஒன்பதில் ஏழு தோற்ற அணியின் பிள்ளைக்கு அதைக் காட்டி ஆசையூட்டுவது நேர்மையாகாது. ஆகவே அவரை உட்காரவைத்து ஒரு பழைய கதையைச் சொல்லத் தொடங்கினேன். குருமடத்தில் மாலை விளையாட்டு மணி அடித்ததும் கூடைப்பந்துத் திடலுக்கு ஓடியவன் நான். ஆடியதைவிட ஊதல் ஊதியதே அதிகம் என்பது வேறு செய்தி.

இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடா நாட்டில் 1861இல் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோரை இழந்தவர். மான்ட்ரீல் நகரில் மறையியல் பயின்றார். போதகராக வேண்டியவர், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியரானார். பிரிந்த சகோதரர்கள் தொடங்கிய சங்கம் அது. அவர்களிடமிருந்து நமக்கு வந்த நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை.

1891ஆம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி, உள்ளே 18 வாலிபர்கள் உடற்பயிற்சியில் சலித்து அடங்காமல் நின்றார்கள். முன்பு அவர்களுக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர் இருவர் கைவிட்டுவிட்டனர். புதிதாக ஓர் ஆட்டம் கண்டுபிடிக்குமாறு மேலதிகாரி நெய்ஸ்மித்துக்குப் பதினான்கு நாள் தவணை கொடுத்தார்.

அவர் யோசித்த விதம் கவனிக்கத்தக்கது. கால்பந்தாட்டத்தில் அடிபடுவது ஏன்? பந்தை வைத்திருப்பவன் ஓடுகிறான், அவனைத் தடுக்க மற்றவன் மோதுகிறான். ஆகவே பந்தோடு ஓடக்கூடாது என்று விதித்தார். பிடித்த இடத்திலிருந்தே இன்னொருவனுக்கு எறிய வேண்டும். இலக்கு தரைமட்டத்தில் இருந்தால் வலிமையாக எறிபவன் வெல்வான். ஆகவே அதைத் தலைக்குமேல் உயர்த்தினார். பெட்டி கேட்டார், கட்டிடப் பொறுப்பாளரிடம் பெட்டி இல்லை, பீச் பழக்கூடைகள் இரண்டு இருந்தன. மாடத்தின் கைப்பிடியில், பத்தடி உயரத்தில், அவற்றை ஆணியடித்தார்கள். பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடவிட்டார். முதல் ஆட்டத்தில் வில்லியம் சேஸ் என்பவர் போட்ட ஒரே ஒரு கோல்தான் விழுந்தது.

அந்த 18 பேரில் ஒருவர் டங்கன் பேட்டன். அவரே 1894இல் ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக இந்தியா வந்து இந்த ஆட்டத்தை இங்கு அறிமுகப்படுத்தினார் என்பர். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் ஐந்தே மாணவர்களோடு ஓர் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் நந்தனத்தில் நிலைபெற்ற அக்கல்லூரியில் பயின்றவர்களே தென்னகப் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களாகப் போனார்கள். நம் ஊர்ப்புறத்துப் பிள்ளை இன்று கூடைப்பந்தைத் தொடுவது அவர்கள் போட்ட வழியில்தான்.

கல்லூரிகளுக்கிடையே ஆட்டம் பரவிய முதலாண்டுகள் வேடிக்கையானவை. எத்தனை பேர் ஆடுவது என்பதுகூட உறுதிப்படவில்லை. 1895இல் மினசோட்டா மாநிலத்தில் ஹாம்லின் கல்லூரியும் ஒரு வேளாண் பள்ளியும் பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடின. வேளாண் பிள்ளைகள் 9-3 என வென்றார்கள். மறு ஆண்டு சனவரி 18 அன்று சிகாகோ பல்கலைக்கழகமும் அயோவா மாணவர்களும் ஐவர் ஐவராக ஆடினார்கள். மாற்று வீரர் ஒருவரையும் இறக்காமல் சிகாகோ 15-12 என வென்றது.

நான் அத்தந்தைக்குச் சொல்ல விரும்பியது இதற்குப் பின் நடந்தது. 1898இல் நெய்ஸ்மித் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்குப் போனார். சிற்றாலயத்தில் செபம் நடத்துவதும் உடற்கல்வி கற்பிப்பதும் அவர் பணி. அதற்குள் மருத்துவப் பட்டமும் பெற்றிருந்தார். அங்கே ஓர் அணி திரட்டினார். ஆட்டத்தையே உண்டாக்கியவரின் அணியல்லவா? 1899 பிப்ரவரி 3 அன்று கன்சாஸ் நகர ஒய்.எம்.சி.ஏ. அணியோடு முதல் ஆட்டம். 16-5 எனத் தோற்றார்கள். அந்தப் பருவத்தில் பின்னர் தேறி 7 வெற்றி, 4 தோல்வி என முடித்தார்கள். எனினும் ஒன்பது பருவங்களைக் கூட்டிப் பார்த்தால் 55 வெற்றி, 60 தோல்வி. அப்பல்கலைக்கழகம் இன்று அமெரிக்காவில் பேர்பெற்ற அணியை உடையது. 2022இலும் தேசிய வாகையர். அதன் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் கண்டவர் நெய்ஸ்மித் ஒருவரே. அங்குள்ள ஆடுகளத்திற்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவர் சோம்பேறியல்லர். பிள்ளைகள் ஆடி உடலும் ஒழுக்கமும் தேற வேண்டும் என்பதே அவர் நோக்கம். வெல்வதற்கென்றே ஒருவர் பயிற்சி தருவது அவருக்கு விளங்காத தொழிலாயிருந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றபோது, அமெரிக்கப் பயிற்சியாளர்கள் நிதி திரட்டி முதியவரை அங்கே அனுப்பிவைத்தார்கள். கனடாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனானவரின் கண்முன், கொட்டும் மழையில், அவ்விரு நாடுகளும் இறுதி ஆட்டத்தில் மோதின. 19-8 என அமெரிக்கா வென்றது. சேறான தரையில் பந்து எழும்பவேயில்லை.

எல்லாவற்றையும் கேட்ட தந்தை, "அவர் வாத்தியாருங்க சாமி, மாசமானா சம்பளம் வந்திருக்கும்" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. "ஒரேயொரு ஆட்டத்தை நேரில் போய்ப் பாருங்கள். அதன்பிறகும் நிறுத்த வேண்டுமென்றால் நானே அவனிடம் சொல்கிறேன்" என்றேன்.

அரை நாள் விடுப்பு எடுத்துக் கோவைக்குப் பேருந்தில் போனார். அன்றும் அணி தோற்றது, நான்கு புள்ளியில். அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார். "கூடைக்குப் பக்கத்துல நின்னானுங்க. அவனே போட்டிருக்கலாம். பந்தை அந்த உசரமான பையன் கையில குடுத்துட்டானுங்க" என்றார். குறையாகச் சொன்னாரா, வேறு எப்படியோ சொன்னாரா என எனக்குப் புரியவில்லை. கைமடி வேலையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

படியிறங்கியவர் திரும்பினார். "சாமி, கூடைன்னு சொல்றாங்க, அதுக்கு ஏனுங்க அடி இல்லை?"

முதலில் அடி இருந்தது என்றேன். பழக்கூடையல்லவா? பந்து உள்ளே விழுந்தால் தங்கிவிடும். ஒவ்வொரு கோலுக்கும் ஓர் ஆள் ஏணியில் ஏறி எடுத்துத் தர வேண்டும். அடியைத் திறந்துவிடச் சில ஆண்டுகள் ஆயிற்று.

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "அந்த ஏணிக்காரருக்கு எத்தனை ஷிப்ட்டுப் போட்டாங்க சாமி?" என்று கேட்டுவிட்டு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போனார்.