தலைமேல்! கண்மேல்!

குறிஞ்சிப்பாடியில் கைத்தறி நெசவு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். கடலோரம் போனால் பரங்கிப்பேட்டை. இந்த வட்டாரத்தில் இருந்து பிழைப்புத் தேடி அரபு நாடுகளுக்குப் போனவர்கள் பலர். வெல்டிங் தெரிந்தவர், கொத்தனார், டிரைவர், சமையல்காரர் என்று எல்லாரும் உண்டு.

விமானம் ஏறுமுன் நாலு அரபி வார்த்தை படிக்கிறார்கள். பலர் படிப்பது எப்படி? அரபிக்கு ஆங்கிலத்தில் அர்த்தம். அந்த ஆங்கிலத்துக்குத் தமிழில் அர்த்தம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான்!

இந்தச் சுற்று வழி வேண்டியதே இல்லை. அரபியரின் அன்றாடப் பேச்சில் பாதி ஆங்கிலத்தில் அடங்காது. தமிழில் அழகாக அடங்கும்.

ஓர் அரபியரிடம் உதவி கேட்டால், அவர் தலையைத் தொட்டு, "அலா ராசி" என்பார். சிலர் கண்ணைத் தொட்டு, "அலா ஐனி" என்பார்கள். 'என் தலைமேல்', 'என் கண்மேல்' என்று பொருள். ஆங்கிலத்தில் இதை அப்படியே சொன்னால், 'பழி என் தலையில் விழட்டும்' என்று ஆகிவிடும். தமிழனுக்கோ விளக்கமே தேவை இல்லை. "உங்கள் சொல்லைத் தலைமேல் கொண்டு செய்கிறேன்" என்பது நம் வீட்டுப் பேச்சு.

சமைத்துப் போட்டவரிடம், "தஸ்லம் ஈதக்" என்பார்கள். பெண் என்றால் "தஸ்லம் ஈதிக்". 'உன் கை நலமாக இருக்கட்டும்' என்று அர்த்தம். ஆங்கிலத்தில் கேட்டால், 'என் கைக்கு என்ன வந்தது?' என்று திகைக்கத் தோன்றும். மீன் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "உன் கைக்குத் தங்கக் காப்புப் போடவேண்டும்" என்று சொல்லும் ஊரில் இது புரியாதா?

லெபனான், சிரியா நாடுகளில் தாய்மார்கள் குழந்தையைக் கொஞ்சும்போது, "து'புர்னி" என்பார்கள். 'நீ என்னை அடக்கம் செய்வாயாக' என்று பொருள். கொஞ்சலில் சாவுப் பேச்சா என்று ஆங்கிலேயர் பயந்துபோவார். நம் பாட்டிமார் பயப்படமாட்டார்கள். "எனக்குக் கொள்ளி வைக்கப் பிறந்த ராசா" என்று பேரனை முத்தமிடுகிறவர்கள் அவர்கள்தானே! பிள்ளை தனக்கு முன் போய்விடக் கூடாது என்ற தாயின் பயம் இரண்டு பேச்சிலும் இருக்கிறது.

குழந்தையைப் புகழும்போது மட்டும் கவனம் வேண்டும். "மாஷா அல்லாஹ்" என்று சேர்த்துச் சொல்லவேண்டும். 'இறைவன் நாடியது இது' என்று அர்த்தம். சொல்லாமல் விட்டால் தாயின் முகம் மாறலாம். காரணம், கண் படும் என்ற அச்சம். பிள்ளையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கும் நமக்கு இதை யார் சொல்லித் தரவேண்டும்?

"இன்ஷா அல்லாஹ்"

அதிகத் தொல்லை தருவது இந்தச் சொல்தான்.

'இறைவன் நாடினால்' என்பது இதன் பொருள். நாளை செய்வேன் என்று சொல்லும்போது இதைச் சேர்த்துச் சொல்லும்படி திருக்குர்ஆனின் 18-வது அத்தியாயம் கூறுகிறது. அரபு நாட்டுக் கிறிஸ்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். அரபியர் ஆண்ட ஸ்பெயின் நாட்டில், 'அப்படி நடக்கட்டும்' என்பதற்கு இன்றும் "ஓஹலா" என்பார்கள். அதுவும் இறைவன் நாட்டத்தைக் குறித்த அரபித் தொடரில் இருந்து வந்ததுதான்.

ஆங்கிலம் பேசுகிறவர்களில் பலர், 'இன்ஷா அல்லாஹ் என்றால் காரியம் நடக்காது' என்று கேலி செய்வது உண்டு. அது அறியாமை. "உயிர் இருந்தால் நாளைக்குப் பார்ப்போம்" என்று நம் கிராமத்துப் பெரியவர் சொல்வது ஏமாற்றுப் பேச்சா?

ஆனால் சில சமயம் 'இல்லை' என்பதை நோகாமல் சொல்லவும் இது உதவுகிறது. நம் "பார்க்கலாம்" போல! கல்யாண வீட்டில் சொல்லும் "பார்க்கலாம்" வேறு. கடன் கேட்டவரிடம் சொல்லும் "பார்க்கலாம்" வேறு. குரலைக் கேட்டால் தெரிந்துவிடும்.

சம்பள பாக்கியைக் கேட்கிறார் ஒரு தொழிலாளி. "இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்" என்கிறார் முதலாளி. ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போனால் வேலை போகலாம். உறுதி தந்துவிட்டார் என்று ஊருக்கு எழுதிவிட்டால், வீட்டில் வட்டிக்கு வாங்கிச் செலவு செய்துவிடுவார்கள். "எந்தத் தேதி?" என்று மரியாதையாகக் கேட்டு, அதை எழுத்தில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்கு 2018 முதல் இந்திய அரசின் புறப்பாட்டுப் பயிற்சி இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை இப்படிப்பட்ட பேச்சுக்கு ஒதுக்கவேண்டும். தமிழிலேயே சொல்லித் தரவேண்டும். ஆசிரியரைத் தேடி அலையவேண்டாம். பரங்கிப்பேட்டையிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இரண்டு மொழியையும் பழகியவர்கள். தமிழை அரபி எழுத்தில் எழுதிப் படித்தவர்கள்!

அரபி குறிஞ்சிப்பாடிக்கும் புதிது அல்ல. வயலில் வரும் மகசூல், கடையில் நிற்கும் பாக்கி, பத்திரத்தின் அசல், நகல், கோர்ட்டு வக்கீல், எல்லாமே அரபியில் இருந்து வந்த சொற்கள். தாலுகா ஆபீஸ் கணக்கில் வரும் பசலி ஆண்டும் அப்படித்தான். வெள்ளைக்காரர்களும் அதற்கு ஆங்கிலம் தேடாமல் 'பசலி' என்றே எழுதி வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் தமிழ் இருக்கிறதா என்றால், இல்லை. முடி வெட்டிக்கொண்டு வந்தவரையும் குளித்துவிட்டு வந்தவரையும் பார்த்து அரபியர், "நயீமன்" என்பார்கள். 'சுகமாக இரு' என்பது போல ஒரு வாழ்த்து. ஆங்கிலத்தில் இதற்குச் சொல் இல்லை. தமிழிலும் இல்லை. புதிதாக முடி வெட்டியவனைக் கண்டால், "எலி கடித்ததா?" என்று கேட்பதுதான் நம் வழக்கம்!

"நயீமன்" என்று சொன்னவருக்கு, "அல்லாஹ் யுன்இம் அலைக்" என்று பதில் சொல்லவேண்டும். 'உங்களுக்கும் இறைவன் சுகம் தரட்டும்' என்று அர்த்தம்.