கட்டுவது ஒரு செமஸ்டர், ஓட்டுவது பத்து வருஷம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முடிஞ்சதும் அதுக்கு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். வைவா அன்னைக்கு எல்.இ.டி. எரிஞ்சா போதும். மார்க் வந்த பிறகு போர்டு லேப் அலமாரிக்குள் போய்விடும். அடுத்த வருஷம் யாராவது ஜூனியர் அதிலிருந்து ஐ.சி.யைக் கழற்றிக்கொள்வார். யாரையும் குறை சொல்லவில்லை. ஒன்றைக் கட்டத்தான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள், பல வருஷம் ஓட்டச் சொல்லித்தருவதில்லை. அந்த இன்னொரு பாதியைக் கற்றுக்கொள்ள, கல்லூரி மொட்டை மாடியில் நமக்கென்று ஒரு ஹாம் ரேடியோ ரிப்பீட்டர் வேண்டும் என்பது என் கருத்து.

ரிப்பீட்டர் என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. உங்கள் கையில் இருக்கும் 5 வாட் செட், நடுவில் கட்டடங்கள் வந்தால் சில கிலோமீட்டரிலேயே திணறும். உயரமான இடத்தில் நிற்கும் ரிப்பீட்டர் அந்தக் குரலை ஒரு அலைவரிசையில் கேட்டு, அதே நேரத்தில் இன்னொரு அலைவரிசையில், அதிகப் பவரில் திருப்பி அனுப்பும். நம் நாட்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 2 மீட்டர் பேண்டில் இந்த இரண்டுக்கும் நடுவே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவார்கள்.

முதல் வெர்ஷனை ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம். ரெண்டு பழைய செட், நடுவில் ஒரு சின்ன கன்ட்ரோலர். ஒன்று கேட்கும், மற்றது பேசும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ரவுண்டு அடித்தால் பாதிப் பொருள் கிடைத்துவிடும். ஆனால் ஆன் செய்ததுமே பிரச்சினை ஆரம்பம். 25 வாட் டிரான்ஸ்மிட்டர் 50 ஓம் கேபிளில் சுமார் 35 வோல்ட் தருகிறது. பக்கத்திலேயே இருக்கும் ரிசீவர் கேட்க வேண்டியதோ 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 17 கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம். திருவிழா ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு ரகசியம் கேட்பது மாதிரி. அதனால்தான் கேவிட்டி டூப்ளெக்சர் வருகிறது. அதை ட்யூன் செய்ய உட்காரும்போதுதான் ஃபில்டர் பாடம் உண்மையிலேயே புரியும்.

அடுத்தது மழைக்காலம். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும். இடி மின்னல் வந்தால் எர்த்திங் ஒழுங்காக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு பேட்டரி. ரிப்பீட்டர் பேசும்போது 5 ஆம்பியர், சும்மா இருக்கும்போது அரை ஆம்பியர், கால்வாசி நேரம் பேசுகிறது என்று வைத்துக்கொண்டால் சராசரி 1.6 ஆம்பியர். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நம்பிச் செலவழிக்கலாம், அப்படியென்றால் சுமார் 30 மணி நேரம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறி 80 சதவீதம் எடுத்தால் சுமார் 50 மணி நேரம். அப்கிரேட் என்றால் இப்படி ஒரு கணக்கு கையில் இருக்க வேண்டும். புதுசு வந்திருக்கிறது என்பதற்காக மாற்றுவது அப்கிரேட் ஆகாது.

டிஜிட்டலுக்கும் இதே கேள்விதான். டி.எம்.ஆர். போடலாம், ராஸ்பெர்ரி பை வைத்து இன்டர்நெட் லிங்க் கொடுக்கலாம். நல்லதுதான். ஆனால் முழுசாக டிஜிட்டலுக்குத் தாவிவிட்டால், பழைய எஃப்.எம். செட் வைத்திருப்பவர் அன்றோடு வெளியே. இன்டர்நெட் இல்லாவிட்டால் ரிப்பீட்டரே வேலை செய்யாது என்கிற நிலைமைக்கும் போகக் கூடாது. புதியது சேரட்டும், அடிப்படையான எஃப்.எம். அப்படியே இருக்கட்டும்.

"கையில் செல்போன் இருக்கு, எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் ரேடியோ பயணமாகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் தங்கள் ரேடியோக்கள் வழியாகச் செய்திகளை வெளியே அனுப்பினார்கள். அங்கே ரிப்பீட்டர் இல்லை, நேரடி ரேடியோதான். ஆனால் பாடம் ஒன்றே: அன்றைக்கு உதவியது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கருவியும், அதில் பழகிய கைகளும்.

மாணவர்களால் முடியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஹாம்சாட் செயற்கைக்கோளும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் வானத்திலிருந்து செய்தது. அதில் இருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு இன்ஜினியரிங் மாணவர். ஒன்பது வருஷத்துக்கு மேல் ஓடி, 2014-ல் பேட்டரி போனதால்தான் அது நின்றது. அங்கே ஏறிப் போய் மாற்ற முடியாது. நம் மொட்டை மாடிக்குப் படிக்கட்டு இருக்கிறது.

எங்கே தொடங்குவது? முதலில் லைசென்ஸ். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. ரிப்பீட்டருக்கு அனுமதி தனியாக வாங்க வேண்டும். அதோடு ஒரு லாக் புக் போடுங்கள். தேதி, பேட்டரி வோல்ட், எஸ்.டபிள்யூ.ஆர்., யார் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், எல்லாம் அதில் இருக்கட்டும். தேர்டு இயர் செகண்ட் இயருக்குச் சொல்லித்தர வேண்டும், அதுவும் மாடியிலேயே, கையில் ஸ்பேனரோடு.

நாம் டிகிரி வாங்கிப் போன பிறகும், ஒரு மழை நாளில் முகம் தெரியாத ஜூனியர் மைக்கை அழுத்தினால் அது பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒன்றை விட்டுவிட்டுப் போகலாமா? சம்மதம் என்றால் இந்த செமஸ்டரிலேயே தேர்வுக்கு விண்ணப்பம் போடுங்கள்.