கேட்பதற்கும் ஒரு பண்பு உண்டு



எங்கள் தாமானில் ஒரு புலனக் குழு உண்டு. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பொருள்களை விலையின்றிப் பிறருக்குக் கொடுப்பதே அதன் நோக்கம். பள்ளிச் சீருடை, காலணி, குழந்தைத் தொட்டில், மின்விசிறி எனப் பலவும் அங்கே கைமாறுகின்றன. நானும் கொடுத்திருக்கிறேன், பெற்றும் இருக்கிறேன். அங்கே நான் செய்த ஒரு தவற்றைப் பற்றித்தான் இன்று எழுத விழைகிறேன்.

சென்ற ஆண்டு, என் மகன் பயன்படுத்திய படிப்பு மேசையைப் படம் எடுத்து அக்குழுவில் இட்டேன். அரை மணி நேரத்திற்குள் பதினைந்து பேர் கேட்டுவிட்டனர். பலர் “இன்னும் இருக்கா?” என்பதோடு நிறுத்திக்கொண்டனர். ஒருவர், “வீட்டில் கொண்டு வந்து தர முடியுமா? நாற்காலியும் சேர்த்துக் கிடைக்குமா?” என்று வினவினார். இன்னொருவர் தம் குடும்பத் துயரங்களை நீண்ட மடலாக எழுதியிருந்தார். படித்ததும் மனம் இளகிற்று. மேசை அவருக்கே என்று உறுதி கூறினேன்.

அவர் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார், வரவில்லை. அடுத்த வாரம் என்றார், அப்பொழுதும் வரவில்லை. பிறகு பதிலே இல்லை. எடுத்துச் செல்ல வசதியாக வாசலில் வைத்திருந்த மேசை, ஒரு மாலை மழையில் நனைந்து பலகை உப்பிப்போயிற்று. இறுதியில் அது குப்பைக்குத்தான் போனது.

சில வாரங்கள் கழிந்தன. பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கையெழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது என்று அவள் தாயாரிடம் கேட்டேன். “கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறாள், டீச்சர்” என்றவர், சற்றுத் தயங்கி, “அந்த மேசை உங்களுடையதுதானே? நானும் கேட்டிருந்தேன்” என்றார்.

வீட்டிற்கு வந்ததும் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. “வணக்கம். மேசை எங்களுக்குத் தேவைப்படுகிறது. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ள முடியும். வேறு யாருக்கேனும் கொடுத்துவிட்டால் பரவாயில்லை. நன்றி.” இவ்வளவுதான். அதில் கண்ணீர் இல்லை. ஆகவே என் கண்ணில் படவில்லை! அன்று நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

திருவள்ளுவர் ‘இரவு’ என்று ஓர் அதிகாரம் வைத்து, அதனை அடுத்தே ‘இரவச்சம்’ என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். 106ஆம் அதிகாரம், தகுதியுடையாரைக் கண்டால் கேட்கலாம், அவர் ஒளித்தால் பழி அவருக்கே என்கிறது. 107ஆம் அதிகாரமோ, பசுவின் தாகத்திற்காகத் தண்ணீர் கேட்பதுகூட நாவிற்கு இழிவு என்கிறது. மாணவர்கள் இதனை முரண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்பது குற்றமன்று, ஆனால் கேட்பவரின் மனம் எவ்வளவு கூசும் என்பதைக் கொடுப்பவர் உணர வேண்டும். இரண்டு அதிகாரங்களும் சேர்ந்தே இதைச் சொல்வதாக நான் கொள்கிறேன்.

எனவே, கேட்போருக்கு என் பணிவான கருத்துகள்:

1. என்ன வேண்டும், எப்பொழுது வந்து எடுக்க இயலும் என்பதை முதல் செய்தியிலேயே கூறிவிடுங்கள். “இருக்கா?” என்ற ஒற்றைச் சொல் போதாது.

2. சொன்ன நேரத்தில் செல்லுங்கள். இயலாவிடில் உடனே தெரிவியுங்கள். இலவசப் பொருளுக்கு நாம் தரும் விலை நம் வாக்கு ஒன்றுதான்.

3. கொடுப்பதற்கு மேல் கேட்காதீர்கள். கொண்டு வந்து தரும்படி கேட்பதும் அதில் அடங்கும். வண்டி இல்லாதவர், உடல்நலம் குன்றியவர் ஆகியோர் அதனை முன்கூட்டியே சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

4. கிடைக்காவிட்டால் சினம் கொள்ளாதீர்கள். இதையும் வள்ளுவர் அந்த 106ஆம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார்.

5. தேவை முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

கொடுப்போருக்கும் ஒரு சொல் உண்டு. இதனை எனக்கே சொல்லிக்கொள்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். துயரக் கதையை விலையாகக் கேட்காதீர்கள். கதை நன்றாக இருந்தால்தான் பொருள் கிடைக்கும் என்றால், கூச்சம் உள்ளவர் ஒதுங்கிவிடுவார். சொல்வன்மை உள்ளவரே பெற்றுச் செல்வார். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைத்துப் பாருங்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மலேசியாவில் உணவுக்கு வழியில்லாதோர் வீட்டின் முன் ஒரு வெள்ளைக் கொடியைக் கட்டினால் போதும் என்ற இயக்கம் பரவியது. மன்றாட வேண்டியதில்லை. கொடியைக் கண்டவர்கள் அரிசியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2023ஆம் ஆண்டில் பள்ளித் தொடக்க உதவியாக 150 ரிங்கிட், பெற்றோரின் வருமானம் பாராமல் எல்லா மாணவருக்கும் வழங்கப்பட்டது. அதைப் பெற எந்தத் தாயும் தன் வறுமையை வரிசையில் நின்று விவரிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்பொழுதெல்லாம் நான் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். எடுத்துச் செல்லும் நாளையும் நேரத்தையும் தெளிவாகச் சொல்லிக் கேட்பவர்களில் முதலாமவருக்கே பொருள். அவர் வராவிட்டால் மறுநாளே அடுத்தவருக்கு. காரணம் கேட்பதில்லை. இம்முறையிலும் குறை இருக்கலாம். கைப்பேசியை அடிக்கடி பார்க்க இயலாத உழைப்பாளி பின்தங்கக்கூடும். உங்களிடம் இதனினும் நல்ல வழி இருந்தால் கூறுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

அந்த மாணவிக்கு மேசை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. வேறொருவர் கொடுத்தார். எடுத்துச் செல்ல அந்தத் தாயார் சொன்ன நேரத்திற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றாராம்.

மீண்டும் சந்திப்போம்.