‘சும்மா’ இருக்கும் ஓராண்டு



நீட் தேர்வு முடிவு வெளியான வாரத்தில், இரும்புலியூரில் நாம் ஓதிக் கொடுக்கும் மாலை நேர மக்தபுக்கு ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். எட்டு வயதில் நம்மிடம் அலிஃப், பா ஓதத் தொடங்கிய பிள்ளை அவள். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. மீண்டும் எழுதப் போகிறாள். “ஹஜ்ரத், ரெண்டு பேரும் தம்மாமுக்கே வந்துடுங்கன்னு அவ அத்தா சொல்றாங்க. இங்கே ஒரு வருஷம் சும்மாதானே இருக்கப் போறா?” என்று கேட்டார் தாய். ‘சும்மா’ என்ற சொல் காதில் விழுந்ததும் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தந்தையிடம் செல்வதில் தவறே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வந்து, பிள்ளைகளின் உயரத்தைக் கண்டு வியந்து திரும்பும் தந்தையர் நம் மஹல்லாவில் ஏராளம். மகள் ஓராண்டு அவர் கண்முன் இருப்பது அவளுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. பாடங்களை இணையவழியில் படிக்கலாம். நீட் தேர்வுக்கு இப்போது வயது உச்சவரம்பு இல்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆகவே ஓராண்டு பிந்துவதை வெட்கமாகக் கருதி உறவினரிடம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஓராண்டு அந்தப் பெண்ணுடையது. குடும்பத்தின் கையில் அது ஓர் அமானத்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? விமானத்திலிருந்து இறங்கிய மறுவாரமே சமையலறையில் பாதிப் பொறுப்பு அவளுக்கு வந்துவிடுகிறது. அண்ணனின் கைக்குழந்தை அவள் மடிக்கு மாறுகிறது. வெள்ளிதோறும் விருந்தினர். உம்ராவுக்கு வரும் உறவினர் ஒவ்வொரு குழுவுடனும் அவளும் செல்ல வேண்டும். உம்ரா மகத்தான வணக்கம். அதைக் குறை சொல்ல நாம் யார்? ஆயினும் தேர்வுக்கு இரண்டு மாதமே இருக்கும்போது மூன்றாவது முறையாகப் பயணம் வைப்பவர்கள் சற்று நிதானிக்கலாம். இவற்றுக்கிடையே பெண் பார்க்கும் பேச்சும் நுழைகிறது: ‘வீட்டில்தானே இருக்கிறாள், பேசி வைத்தால் என்ன?’ அவளுடைய இடத்தில் ஒரு மகன் இருந்தால், இதே குடும்பம் அவன் அறைக்கதவைச் சாத்திவிட்டு, தேநீரைக் கொண்டுபோய் வாசலில் வைக்கிறது. இதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

அடுத்தது, தேர்வை எங்கே எழுதுவது என்பது. இதைப் பலர் கடைசி வாரத்தில் யோசிக்கிறார்கள். 2020இல் கொரோனா காலத்தில் நீட் தேர்வுக்கு வெளிநாட்டில் ஒரு மையமும் இல்லை. வளைகுடாவில் இருந்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். அங்கே மையம் அமைக்க உத்தரவிட நீதிமன்றம் மறுத்தது. மாணவர்கள் வந்தே பாரத் விமானங்களில் வந்து எழுத வழி செய்யுமாறு மட்டும் அரசிடம் கூறியது. 2021இல் குவைத்திலும் துபாயிலும் மையங்கள் வந்தன. 2022இல் அவை 14 வெளிநாட்டு நகரங்களாயின. 2024 பிப்ரவரியில் வெளியான அறிவிப்பிலோ வெளிநாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை! பெற்றோர் பதறி முறையிட்ட பிறகே 14 நகரங்களும் மீண்டும் சேர்க்கப்பட்டன. இன்று இருக்கும் மையம் நாளையும் இருக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

இருந்தாலும், அந்தப் பட்டியலில் சவூதிக்கு ரியாத் மட்டுமே உண்டு. தம்மாமிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இந்தியாவில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் தேர்வு அங்கே காலை 11.30க்குத் தொடங்குகிறது, லுஹர் நேரம் தேர்வுக்கு நடுவில் நுழைகிறது. முடிந்தபின் அஸருக்கு முன் தொழ அவகாசம் உண்டு என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவைத்தால் அந்த மனக்குழப்பம் இராது. விண்ணப்பக் கட்டணமும் இங்கே பொதுப்பிரிவுக்கு 1,700 ரூபாய் என்றால் வெளிநாட்டு மையத்துக்கு 9,500. விமானக் கட்டணம் இதைவிடக் கூடுதல்தான், மறுக்கவில்லை. என்றாலும் ஏப்ரல் தொடக்கத்தில் ஊர் திரும்பி, பழகிய வெயிலில், பழகிய ஊரில் எழுதுவதே மேல் என்பது நம் கருத்து. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்புவதா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பு என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதீயில் உள்ளது. மையம், நாள், பயணம் ஆகியவற்றை முன்கூட்டியே உறுதி செய்வதும் அந்தக் கயிறுதான்.

சான்றிதழ்களையும் புறப்படுமுன் வாங்கிவிட வேண்டும். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் உள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் தேவை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லாவற்றையும் இங்கே படிக்காதவர்கள் இருப்பிடச் சான்றிதழையும் தயாராக வைத்துக்கொள்வது அவசியம். கலந்தாய்வு நேரத்தில் அத்தா தம்மாமில், அசல் ஆவணம் பீரோவில், சாவி யாரிடமோ என்ற நிலை வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ‘தூரத்து மாமா துபாயில் இருக்கிறார், அவரைக் காட்டி என்.ஆர்.ஐ. இடம் வாங்கிவிடலாம்’ என்று அறிவுரை கூறும் தரகர்கள் உண்டு. அந்த ஒதுக்கீட்டைத் தூரத்து உறவினர் வரை விரித்த பஞ்சாப் அரசின் முயற்சியை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மோசடி என்றே கண்டித்தது. பெற்ற தந்தை வெளிநாட்டில் உழைக்கிறார் என்றால் அது வேறு. விதிப்படி உரிமை இருந்தால், கட்டணம் செலுத்தச் சக்தியும் இருந்தால் கேட்கட்டும். இல்லாத ஆதரவை இருப்பதாக எழுதிக் கையொப்பமிடுவது பொய்ச் சாட்சியம். நோயாளியின் உடலைத் தொடப் போகும் கை அதிலா தொடங்க வேண்டும்?

அன்று மாலை இவற்றில் பாதியைத்தான் அந்தத் தாயிடம் சொன்னோம். பிறகு, “பிள்ளையிடம் கேட்டீர்களா?” என்றோம். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்தவள், “அத்தாகிட்ட போறேன். ஏப்ரல்ல திரும்பி வந்து இங்கேயே எழுதறேன். அங்கே கதவு இருக்கிற ஒரு ரூம் மட்டும் வேணும்” என்றாள்.

தாய் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குச் சென்றார். தம்மாமில் அப்போது அஸர் முடிந்திருக்கும்.