பெரியவர்கள் குரலுக்கு ஒரு கைக்கருவி



போன மாதம் பள்ளிக்கூடம் விட்ட நேரம். என் வகுப்புப் பையன் ஒருவனின் தாயார் வாசலில் நின்று, "டீச்சர், பேச்சைப் பதிவு பண்ணுகிற சின்ன மெஷின் ஒன்று வாங்கணும். எது நல்லது?" என்று கேட்டார். எதற்கு என்று விசாரித்தேன். அவருடைய மாமியாருக்கு வயது 86. தாலாட்டும் கும்மியும் நடவுப் பாட்டும் தெரிந்தவர். அவரைப் பெற்ற தகப்பனார், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பி வராதவர். "மாமி இருக்கும்போதே பிடித்து வைத்துவிடணும் டீச்சர்" என்றார் அந்தப் பெண்.

எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1987-இல் என் அப்பா டவுனிலிருந்து ஒரு கேசட் ரெக்கார்டர் வாங்கி வந்தார். செருப்புப் பெட்டி அளவில் தட்டையாக இருக்கும். முன்பக்கம் வரிசையாகக் கட்டைப் பொத்தான்கள். அந்தத் தீபாவளிக்கு லயத்து வாசலில் பாட்டியை உட்கார வைத்து, என் தம்பிக்குப் பாடிய தாலாட்டை அப்பா பதிவு செய்தார். பாட்டி மறு வருடமே போய்விட்டார். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து, வானொலியில் வந்த சினிமாப் பாட்டு ஒன்றைப் பிடிக்க எனக்கு ஒரு கேசட் தேவைப்பட்டது. மேலே எதுவும் எழுதாத கேசட் ஒன்று அலமாரியில் கிடந்தது. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. கேசட்டின் பின் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதியாது. இதை அப்பாவும் அறியவில்லை, நானும் அறியவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில், கருவி வாங்கத்தான் வேண்டுமா? கையில் கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், அவசரத்துக்கு அது போதும். பெரியவர் இன்று பாடுகிறேன் என்றால், கருவி வரட்டும் என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். கைப்பேசியை 'விமானப் பயண' நிலையில் வைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் நடுவில் அழைப்பு வரும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக மட்டும் பதியாதீர்கள். அது ஒலியைச் சுருக்கிச் சிறிதாக்கி அனுப்புகிற ஏற்பாடு. பேச்சு விளங்கும், பாட்டின் குழைவு போய்விடும்.

தனிக் கருவி வாங்குவதானால் கடையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அலுவலகக் கூட்டத்துக்கும் வகுப்புக்கும் ஏற்ற பேச்சுப் பதிவுக் கருவி. விரல் நீளம்தான் இருக்கும், உள்ளேயே நினைவகம் இருக்கும், மின்கலம் வெகுநேரம் வரும். மற்றது, தலையில் இரண்டு ஒலிவாங்கிகள் வைத்த, பாட்டுக்கும் ஏற்ற கருவி. ஸூம், டாஸ்காம் என்ற ஜப்பானியப் பெயர்களில் கிடைப்பவை இந்த இரண்டாம் ஜாதி. விலை கடைக்குக் கடை வேறுபடும். சில நூறு வெள்ளி ஆகும். என்னிடம் இருப்பது 2018-இல் வெளிவந்த ஸூம் எச்1என். பழைய கருவிதான், ஒரு குறையும் வைக்கவில்லை. 2024-இல் அதே குடும்பத்தில் எச்1 எசென்ஷியல் வந்தது. அதில் ஒலி அளவை முன்கூட்டித் திருகி வைக்கும் வேலையே இல்லை. மெல்லப் பேசினாலும் உரக்கப் பாடினாலும் பின்னால் கணினியில் சரிசெய்து கொள்ளலாம். திருகுகளைப் பார்த்தாலே பயப்படுகிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் பதிவு பெரிதாக இருக்கும், அட்டையில் அதிக இடம் பிடிக்கும்.

பெயரில்லாத மலிவுக் கருவிகளில் ஏமாறாதீர்கள். பெட்டியில் பெரிய எண்ணாக அச்சடித்திருப்பான். உள்ளே அவ்வளவு நினைவகம் இராது. நினைவக அட்டையிலும் இதே மோசடி உண்டு. நம்பிக்கையான கடையில், ரசீதோடு வாங்குங்கள். ஸூம் போன்ற கருவிகளுக்கு அட்டையைத் தனியாகத்தான் வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். சாதாரண மின்கலத்தில் வேலை செய்கிறதா? காதணிக் கருவி மாட்டிக் கேட்கத் துளை இருக்கிறதா? 'வேவ்' என்ற முறையில் பதியுமா? எம்பி3 முறை ஒலியில் கொஞ்சம் கழித்துவிடும், வேவ் கழிக்காது. வேவ் முறையில் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். 16 ஜிபி அட்டை ஒன்றில் ஏறக்குறைய 25 மணி நேரம் அடங்கும். ஒரு பாட்டியின் ஆயுள் கதைக்கு அது தாராளம். மற்றபடி கடைக்காரர் அடுக்குகிற வசதிகளைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

இனி, பதிவு செய்வது. இங்கேதான் நானே சறுக்கினேன்.

அந்தப் பையனின் வீட்டுக்கு என் கருவியையே எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானம், நல்ல புழுக்கம். தலைக்கு மேலே காற்றாடி. பாட்டி நாற்காலியில், கருவி நேராக மேசைப் பலகையின் மேல். ஆசிரியை அல்லவா, எல்லாம் தெரியும் என்ற எண்ணம். சோதித்துப் பார்க்காமல் பொத்தானை அழுத்திவிட்டேன். பாட்டி தன் தகப்பனார் லாரி ஏறிய நாளைச் சொன்னார். அப்போது அவருக்கு நாலு வயது. லாரியில் ஏறும்போது அப்பா தலைத்துண்டை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தாராம். "ஏன் கொடுத்தாருன்னு இன்னிக்கும் வெளங்கல டீச்சரம்மா" என்று சொல்லி வெகுநேரம் அழுதார். நாங்களும் அழுதோம்.

வீட்டுக்கு வந்து கேட்டால், காற்றாடி இரைச்சலும், மேசையில் யாரோ டம்ளர் வைக்கும் இடிச் சத்தமும்தான் முன்னால் நிற்கின்றன. பாட்டி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேட்டேன். சொன்னார், மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். முதல் தடவை வந்த சொல் இரண்டாம் தடவை வரவில்லை. அந்தத் தலைத்துண்டை நான் நினைவுபடுத்தியும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை 1942-க்கும் 1943-க்கும் இடையில் போட்டு முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே மாண்டார்கள். அவர்களில் மிகப் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கடிதம் இல்லை, படம் இல்லை. அவர்களைப் பற்றி மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட பிள்ளைகளின் நினைவுதான். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது எண்பது தாண்டிவிட்டது. ஆகையால் என் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

கருவியைப் பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் நன்றாக முன்னுக்கு வரும்; அறை இரைச்சல் பின்னால் போய்விடும். ஒலி அளவைத் திருகி ஏற்றுவதால் இது நடக்காது, இரைச்சலும் கூடவே ஏறும். மேசையில் வைப்பதானால் மடித்த துவாலை ஒன்றை அடியில் போடுங்கள். கையில் பிடிக்காதீர்கள், விரல் உரசுவதெல்லாம் பதியும். காற்றாடி, தொலைக்காட்சி, முடிந்தால் ஐஸ்பெட்டி, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். புழுக்கமாக இருக்குமே என்றால், காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். தகரக் கூரை வீட்டில் மழை வந்துவிட்டால் கடையைக் கட்டிவிட்டுக் காப்பி குடிக்க வேண்டியதுதான். வாசலில் பதிவு செய்தால் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போட மறக்காதீர்கள். இளங்காற்றுகூடக் கருவிக்குப் புயல்.

ஒலி அளவு காட்டும் கோடு 0-ஐத் தொடக்கூடாது. உரத்த இடத்தில் கழித்தல் 12-ஐ ஒட்டி நின்றால் போதும். பேச்சை வைத்து அளவு பார்க்காதீர்கள். பாட்டின் உச்சியை ஒரு தடவை பாடச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். தானாக அளவை ஏற்றி இறக்கும் வசதி பேச்சுக்குச் சரி. பாட்டுக்கு அதை அணைத்துவிடுங்கள். பிறகு ஒரு நிமிஷம் பதிந்து, காதணிக் கருவி மாட்டிக் கேட்டுவிட்டுத்தான் உண்மையான வேலையைத் தொடங்க வேண்டும். முடிந்ததும் நிறுத்தப் பொத்தானை அழுத்திய பிறகே மின்சாரத்தை அணையுங்கள். வீடு திரும்பியதும் மின்கலத்தைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் கருவியே போய்விடும்.

"பழைய காலம் எப்படி இருந்தது பாட்டி?" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்றுதான் பதில் வரும். முதன்முதலில் பால்வெட்டுக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார், பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். "ம்ம், ஆமாம்" என்று நாம் போடும் தாளமெல்லாம் அவர் குரல்மேல் விழும், தலையாட்டினால் போதும். ஒப்பாரி பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். விளக்கு வைக்கிற வீட்டில் அது ஆகாது என்று மறுப்பார்கள். அந்தப் பாட்டி, மேட்டில் இருக்கிற பழைய கோயில் மரத்தடியில் வந்து பாடுகிறேன் என்றார். அப்படியே செய்தோம்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர் மூன்றையும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். அன்று இரவே கணினியில் ஒரு பிரதி, வெளியூரில் இருக்கும் உறவினரிடம் ஒரு பிரதி. அட்டையை மட்டும் நம்பி வைக்காதீர்கள். வீட்டில் பழைய கேசட் கிடந்தால், பூஞ்சணம் பிடிக்குமுன் அந்த ரெக்கார்டரின் காதணித் துளையிலிருந்து கம்பி போட்டு இந்தக் கருவியிலேயே மாற்றிக்கொள்ளலாம். அதைப் பற்றித் தனியாக ஒரு இதழில் எழுதுகிறேன்.

மரத்தடியில் பாடி முடித்ததும் காதணிக் கருவியைப் பாட்டிக்கு மாட்டிவிட்டேன். முதலில் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நான் இல்ல டீச்சரம்மா, எங்கம்மா" என்றார். இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்.