புரோட்டா, பால்கோவா, பட்டாசு: பட்டியலில் விட்டுப்போனது

விருதுநகர் மாவட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள், சாப்பிட வேண்டிய பண்டங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது ஒரே மாதிரிதான் வருகிறது. விருதுநகர் எண்ணெய் புரோட்டா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு. ஆண்டாள் கோயில் கோபுரம், காமராஜர் வீடு, இருக்கன்குடி மாரியம்மன், சதுரகிரி மலை, ராஜபாளையம் பக்கம் அய்யனார் அருவி. கடைசியில் மறக்காமல் ஒரு வரி: சிவகாசியில் குறைந்த விலைக்குப் பட்டாசு வாங்கலாம். அவ்வளவுதான், மாவட்டம் முடிந்தது. (மழை பெய்யாத நாளில் போனால் அய்யனார் அருவியில் பாறையைத்தான் பார்க்கலாம் என்பதைக்கூட யாரும் எழுதுவதில்லை. பட்டியல் போட்டவர் போய்ப் பார்த்திருந்தால்தானே!)

பட்டியலில் உள்ளது எதுவும் பொய்யில்லை. எண்ணெய் புரோட்டா உண்மையிலேயே சாப்பிட வேண்டிய பண்டம்தான். மதுரையில் கல்லில் போட்டுத் தட்டி எடுப்பதை, இங்கே எண்ணெய் குளம் கட்டி நிற்கும் கல்லில் போட்டுப் பொரித்தே எடுக்கிறார்கள். கையால் நொறுக்கினால் சத்தம் கேட்கும். அதன் மேல் சால்னாவை ஊற்றி, ஊறுவதற்குள் வாயில் போட வேண்டும். பர்மா கடை என்ற பெயரைக் கேட்டதும் ஊரை விட்டு எங்கோ இருப்பவர்களுக்கும் நாக்கில் நீர் ஊறுகிறதென்றால் சும்மாவா? பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஆனால் இந்தப் பட்டியல்கள் பண்டத்தைக் காட்டுமே தவிர, அது வந்த வழியைக் காட்டுவதில்லை. புரோட்டாவை எண்ணெயில் முக்குகிற துணிச்சல் விருதுநகருக்கு எங்கிருந்து வந்தது? அது எண்ணெய்க்கும் பருப்புக்கும் மிளகாய் வத்தலுக்கும் பேர்போன சந்தை. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் காடு. நிலத்தில் பெரிதாக எதுவும் விளையாமலே, வாங்கி விற்றுப் பிழைத்த ஊர். 1923 வரை விருதுபட்டியாக இருந்து பிறகு விருதுநகர் ஆனது. அந்தச் சந்தையை ஒரு பட்டியலும் சொல்லாது. காமராஜர் வீட்டைச் சொல்கிறவர்கள், 'தமிழ்நாடு' என்ற பெயர் கேட்டு 1956 ஜூலை 27ல் இதே ஊரில் உண்ணாவிரதம் தொடங்கி அக்டோபர் 13ல் உயிரை விட்ட சங்கரலிங்கனாரைச் சொல்ல மாட்டார்கள். போகட்டும். இதெல்லாம் சின்னக் குறை.

பெரிய குறை சிவகாசி விஷயத்தில்தான்.

சிவகாசி என்றால் வெளியூர்க்காரருக்கு ஒரு கடைத்தெரு. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கார் கார்களாக வந்து இறங்குகிறார்கள். சாலையின் இரு பக்கமும் '80 சதவீதம் தள்ளுபடி' பலகைகள். (எந்த விலையில் 80 சதவீதம் தள்ளுபடி என்று கேட்கக்கூடாது. கேட்டால் வியாபாரம் நடக்காது.) பெட்டியைக் கட்டி, டிக்கியில் ஏற்றி, திரும்பும் வழியில் சேவும் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பதைச் செய்த கை எது, அந்தக் கைக்கு என்ன ஆனது என்று அறிய அவர்களுக்கு வழியும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை.

சொல்வதற்கு விஷயம் இல்லாமலா? 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை இல்லாததுதான் இந்த ஊரின் சாபம். அந்தச் சாபத்தையே முதலாக வைத்தார்கள். குச்சியும் மருந்தும் காய்வதற்கு வறண்ட காற்றைவிட வேறென்ன வேண்டும்? சுவீடன்காரர்களின் விம்கோ கம்பெனி இயந்திரத்தை வைத்துச் செய்ததை, சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் கையால் செய்து சந்தையில் எதிர்த்து நின்றன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவின் சாமி படங்கள் காலண்டராகி நாடு முழுக்கச் சுவரேறின. மத்தாப்பு, வெடி, வாணம் என்று அடுத்த கிளையும் விரிந்தது. ஒரு வறட்டு ஊர் 'குட்டி ஜப்பான்' ஆன கதை இது. இதை நேரில் பார்க்கக் கட்டணம் கொடுத்துக்கூட மக்கள் வருவார்கள்.

கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெட்டி ஒட்டுவது, சட்டத்தில் குச்சி அடுக்குவது என்று பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளின் விரல்களில் வளர்ந்த தொழில் இது. சலம் பென்னுர்கர் 1990ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அதைத்தான் காட்டியது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இன்று ஆலைகளில் பிள்ளைகள் வேலை பார்ப்பது பெருமளவு குறைந்துவிட்டது. பெரியவர்கள் சாவதுதான் குறையவில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ நாற்பது பேர். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. புகையைப் பார்த்து உதவிக்கு ஓடி வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். இருபதுக்கும் மேல். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை பக்கம், அதே ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் பேசப்படும் காரணங்களும் அநேகமாக ஒன்றுதான். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருக்கும். ஒரு அறைக்கு இத்தனை பேர் என்று விதி இருக்கும், ஆர்டர் நெருக்கினால் அதைவிடக் கூடுதல் ஆள் உட்கார்ந்திருக்கும். மருந்து உராயும். மறுநாள் செய்தித்தாளில் படம், நிவாரண அறிவிப்பு, விசாரணைக் குழு. அடுத்த வாரம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

சிவகாசிக்கு வருகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டியது இந்த இரண்டு பக்கங்களையும்தான். தொழிலுக்கு ஒரு அருங்காட்சியகம், அதற்குள்ளேயே செத்தவர்களுக்கு ஒரு சுவர். கேட்பது இவ்வளவுதான்.

இப்படிச் சொன்னால் உடனே வருகிற பதில்: 'ஊர் சுற்ற வந்தவன் சந்தோஷமாக இருக்க வந்திருக்கிறான், அவனிடம் போய் சாவைக் காட்டுவதா?' அப்படியானால் தனுஷ்கோடிக்கு ஏன் அத்தனை வண்டி போகிறது? 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரைப் பார்க்கத்தானே போகிறார்கள்! பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் பொரித்த மீனும் சாப்பிடுகிறார்கள். துக்கத்தைப் பார்த்த யாரும் சாப்பிடாமல் திரும்பியதில்லை. விருதுநகர் புரோட்டாக் கடைக்காரருக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. ஏற்கெனவே தொழில் அடி வாங்கியிருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசையும் சரவெடியையும் தடை செய்ததில் எத்தனையோ குடும்பங்களுக்கு வேலை போனது. இந்த நேரத்தில் சாவைச் சுவரில் எழுதி வைத்தால் டெல்லிக்காரர் கையில் நாமே கோல் எடுத்துக் கொடுத்ததாகாதா என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் தலைகீழானது. டெல்லிக்காரருக்குச் சிவகாசி என்றால் புகை மட்டும்தான். சரம் பின்னுகிற பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. 'எங்கள் உழைப்பைப் பாருங்கள்' என்று சொல்ல விரும்பும் ஊர், பார்ப்பதற்கு ஓர் இடம் வைத்திருக்க வேண்டாமா? ஆலைக்குள் யாரையும் விட முடியாது, விடவும் கூடாது. அதனால்தான் ஆலைக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்பது.

செய்தவர்கள் இருக்கிறார்கள். விம்கோவின் தாய்நாடான சுவீடனில் யோன்ஷோப்பிங் என்ற ஊரில், பழைய தீப்பெட்டித் தொழிற்சாலைக் கட்டடத்தையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். லண்டனில் 1888ல் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாஸ்பரஸ் தாடை எலும்பை அரித்த காலம் அது. அந்த ஆலைக் கட்டடத்தில் 2022ல் நினைவுப் பலகை வைத்தார்கள். அந்தப் பெண்களின் நிலையை முதலில் பத்திரிகையில் எழுதியவர் யார் தெரியுமா? அன்னி பெசன்ட். சென்னையில் பெசன்ட் நகர் என்று ஒரு பேட்டைக்கே அவர் பெயர் இருக்கிறது. அவர் எழுதியது தீப்பெட்டிப் பெண்களைப் பற்றி என்பது நம் தீப்பெட்டி ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பட்டாசு ஆலைகள் நிறைந்த அதே வெம்பக்கோட்டையில் 2022 மார்ச்சில் மாநிலத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை என்று குவியல் குவியலாகக் கிடைத்தன. வளையல் அறுத்த பழங்காலத் தொழிலாளியின் மிச்சத்தைத் துடைத்து, எண் போட்டுக் காட்சிக்கும் வைத்தார்கள். நல்ல காரியம். அந்தக் குழிக்குப் பக்கத்து ஊரில் போன மாதம் வரை வெடி செய்தவருக்கு இதே மரியாதையைக் கொடுக்க எத்தனை நூற்றாண்டு காத்திருக்க வேண்டுமோ?

மாவட்டம் வளர்கிறது. சிவகாசி 2021ல் மாநகராட்சி ஆனது. 2022ல் விருதுநகருக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. ஜவுளிப் பூங்கா வரப்போகிறது. பழைய லித்தோ கல்லும், தீப்பெட்டி லேபிளும், குச்சி அடுக்கிய சட்டமும் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்குள் சேர்த்து வைக்கலாம். சுவருக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதும் இல்லை. நிவாரணக் காசோலை கொடுப்பதற்காக ஊர், வயது, தகப்பனார் பெயரோடு எழுதிய பட்டியல்கள் கலெக்டர் ஆபீஸ் கோப்புகளில் இருந்தே ஆக வேண்டும்.